ஜன்னலை எண்ணுங்கள்!

அமெரிக்காவின் பழைய கறுப்பு-வெள்ளை போட்டோக்கள் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. வயல் நடுவே ஒற்றை அறைக் கட்டடம், பெயர்ப்பலகை கிடையாது. சர்ச்சா, பள்ளிக்கூடமா?

"நம்ம வீட்டு ஒட்டடை கண்ணுல படலை, அமெரிக்காவுல ஆராய்ச்சியாக்கும்!" என்பாள் மனைவி.

மணிக்கூண்டை நம்பக்கூடாது சார், அது இரண்டிலும் உண்டு. நான் ஜன்னலைப் பார்ப்பேன். பெரிய பெரிய ஜன்னல்கள் தோளோடு தோள் உரச வரிசையாக நின்றால், அநேகமாக அது ரோசன்வால்ட் பள்ளி.

தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக, புக்கர் டி. வாஷிங்டனின் யோசனையில், சியர்ஸ் கம்பெனியின் ஜூலியஸ் ரோசன்வால்ட் பண உதவியோடு, 1912-லிருந்து 1932 வரை சுமார் 5,000 கட்டடங்கள் எழுந்தன. பல, ஒரே வாத்தியார் பள்ளிகள். கிராமத்தில் கரண்ட் ஏது? கிழக்கு, மேற்கு வெயிலை உள்ளே இழுக்கத்தான் அத்தனை ஜன்னல்.

பெயர் என்னவோ ரோசன்வால்டுக்கு. ஆனால் அவர் நிதி கொடுத்ததைவிடக் கறுப்பின மக்கள் சேர்த்துக் கொடுத்தது கொஞ்சம் அதிகம்! அரசாங்கத்துக்கு வரி கட்டியது போக, மறுபடியும் கைக்காசு.

1954-ல் இனப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு, இவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நிறைய இடிந்தே போயின. போட்டோவில் அடையாளம் தெரிந்தால்தான், அந்தக் கைக்காசுக்கு ஒரு ரசீதாவது மிஞ்சும்.