ராத்திரி மட்டும்

தஞ்சாவூரில் என் மெடிக்கல் ஷாப்புக்குக் காலையில் வருகிற கூட்டம் பெரும்பாலும் திருவையாறு, ஒரத்தநாடு பஸ்களில் வந்து இறங்குவது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கு அடுத்து அவர்கள் அதிகம் கேட்பது, ‘வெளுக்கிற க்ரீம்’.

போன புரட்டாசியில் ஓர் அம்மா, மஞ்சப்பையிலிருந்து ஒரு க்ரீம் அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

“தம்பி, இதேமாதிரி ரெண்டு குடுங்க. பொண்ணுக்குத் தையில கல்யாணம்.”

பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் செக்கச்செவேல். தாடையோரம் பருக்கள், பூனைமுடி.

“மொத வாரம் பளபளன்னு ஆச்சுண்ணே. இப்ப நடவுக்குப் போனா மொளகாப்பொடி தடவுன மாதிரி எரியுது. நிறுத்தினா இன்னும் மோசமாவுது.”

அந்த ட்யூபுக்குள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். ஹைட்ரோகுயினோன், நிறமி உண்டாவதைத் தடுப்பவர். ட்ரெடினாயின், மேல்தோலைச் சீக்கிரம் உதிர்ப்பவர். இவருக்கு வெயில் ஆகாது. மூன்றாமவர் ஸ்டீராய்டு. ரத்தக்குழாய்களைச் சுருக்கி முகத்தை வெளிறச் செய்வார். அதைத்தான் ‘கலர்’ என்று நினைக்கிறோம். மாதக்கணக்கில் தங்கவிட்டால் தோலையே மெலியவைத்துவிடுவார்.

1975-ல் அமெரிக்காவில் க்ளிக்மன் என்ற தோல் டாக்டர் ஆரம்பித்து வைத்த கூட்டணி இது. மங்கு போன்றவற்றுக்கு, டாக்டர் சொன்னபடி, சில வாரங்களுக்கு மட்டும். கல்யாணத்துக்கு அல்ல. இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவே போட்டது.

“எந்த டாக்டர் குடுத்தாரு? சீட்டு எங்கே?” அதட்டலாகத்தான் கேட்டேன்.

“டாக்டரா? கடையிலதான் தம்பி கேட்டு வாங்கினோம்.”

அட்டையைத் திருப்பினேன். ஓரத்தில் நீல மையில், ‘ராத்திரி மட்டும்’. என் கையெழுத்து.

ஆடி மாதக் கூட்டத்தில் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ‘நாம குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்கப்போறாங்க’ என்று எல்லோரையும்போல நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

“நான்தாம்மா குடுத்தேன். தப்பு என்னோடது” என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். “இந்த அட்டையைக் காட்டுங்க. எப்படி நிறுத்தணும்னு அவங்க சொல்வாங்க. நீங்களா வேற எதையும் தடவாதீங்க.”

“கல்யாணத்துக்குள்ள வெளுத்துருமா தம்பி?”

“எரிச்சல் அடங்கவே மாசக்கணக்காகும்மா. அப்புறம் வர்றது அவளோட பழைய கலருதான்.”

அம்மா முகம் வாடியது. அந்தப் பெண்தான் சொன்னாள்: “அது போதும்ணே. மாப்ள என்னைப் பாத்துட்டுப் போனது அந்தக் கலர்லதானே!”