ஒரே அளவுப் படகுகள்

1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட், சிறாருக்கான பாய்மரப் படகு. படகுகள் யாவும் ஒரே அளவின. வெல்வது ஓட்டுபவரின் திறனே என்பது அதன் அறம். சென்னையில் இப்பிரிவின் பந்தயங்களை நடத்தத் துணைநிற்கும் நாங்கள், பாயையும் சுக்கானையும் அளந்தே கடலுக்கு விடுவோம். நாட்காட்டியை அளக்க மறந்தோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு அஞ்சி ஒருமுறை இறுதிப் பந்தயத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளினோம். பத்தாம் வகுப்புத் தேர்வை முன்னிட்டு ஒரு சிறுமி விலகினாள். பதினைந்து வயது நிறையும் ஆண்டோடு இப்படகில் போட்டியிடும் தகுதி முடிகிறது. அவளுக்கு அதுவே கடைசிப் பருவம். முடிவுப் பட்டியலில் அவளது பாய் எண்ணுக்கு எதிரே ‘வரவில்லை’ என்றே எழுதினோம். வராதவள் அவளல்லள், அழைக்கத் தவறியவர்கள் நாங்கள்.

இப்போதெல்லாம் காற்றைக் கணிப்பதற்கு முன் தேர்வு அட்டவணையை விரிக்கிறோம்.