வண்டிக்குள் ஒரு பிணம்!

நடுராத்திரி தாண்டிய மெல்போர்ன். ஒரு குதிரை வண்டி நேராக போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே ஒரு பிணம்! போதையில் தள்ளாடிய அந்த ஆளை இன்னொருத்தர் கைத்தாங்கலாக ஏற்றினார், கூடவே ஏறினார், பாதி வழியில் இறங்கிப் போய்விட்டார். செத்தவர் வாயில் குளோரோஃபார்மில் நனைத்த கர்ச்சீப். வண்டிக்காரனுக்கு ஒன்றுமே தெரியாது. எப்படித் தெரியும்? ஹான்சம் கேப் என்ற அந்த இரட்டைச் சக்கர வண்டியில் ஓட்டுபவனுக்கு சீட்டு பின்பக்கம், அதுவும் உச்சியில். கொலைகாரனுக்கு இதைவிட வசதி வேணுமா?

ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் எல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையிலேயே முடிச்சாச்சு, லைப்ரரியில் அகதா கிறிஸ்டியும் காலி, அடுத்து என்னனு தேடுற ஆளா நீங்க? அப்படின்னா பெரிய பதிப்பகத்தின் தயவில்லாமல், எழுதினவரே துணிஞ்சு வெளியிட்ட க்ரைம் நாவல்கள் பக்கம் கொஞ்சம் வாங்க. முதல் சிபாரிசுதான் மேலே சொன்னது. ஃபெர்கஸ் ஹியூம் எழுதிய ‘தி மிஸ்டரி ஆஃப் எ ஹான்சம் கேப்’. வருஷம் 1886. ஷெர்லாக் ஹோம்ஸ் அச்சில் வந்ததே 1887-ல்தான்!

ஹியூமுக்கு ஆசை நாடகத்தின் மேல். எந்த தியேட்டர் முதலாளியும் கண்டுக்கலை. ஒரு நாவல் எழுதிப் பேர் வாங்கினா கதவு திறக்கும்னு கணக்குப் போட்டார். மெல்போர்ன் புத்தகக் கடைக்காரர் ஒருத்தரிடம் எது நல்லா ஓடுதுன்னு கேட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் கபோரியோவின் துப்பறியும் கதைகள்னு பதில் வந்தது. அதையெல்லாம் வாங்கிப் படிச்சார், எழுதினார். பதிப்பாளர்களோ, காலனிக்காரன் எழுதினதை யார் படிப்பாங்கன்னு கையெழுத்துப் பிரதியைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. சரிதான் போங்கடான்னு சொந்தச் செலவில் 5,000 பிரதி அடிச்சார். விறுவிறுன்னு வித்துத் தீர்ந்தது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 50 பவுண்டுக்கு நாவல் உரிமையை வித்துட்டார். லண்டனில் அது லட்சக்கணக்கில் பறந்தப்போ அவருக்கு அதில் ஒரு பென்னிகூட இல்லை. (கானன் டாயில் மட்டும் என்னவாம்? முதல் ஹோம்ஸ் கதையை 25 பவுண்டுக்குத்தானே கொடுத்தார்!)

கதை இன்னிக்கும் நிக்குதா? நிக்குது. சந்தேகத்தில் மாட்டுகிற இளைஞன், கொலை நேரத்தில் எங்கே இருந்தேன்னு சொன்னால் தப்பிச்சிடலாம். ஆனால் தூக்கில் தொங்கினாலும் சொல்ல மாட்டேங்கிறான்! துப்பறிகிறவர்கள் ரெண்டு பேர். ஒருத்தருக்கு அவன் குற்றவாளின்னு நிரூபிக்கணும், இன்னொருத்தருக்கு இல்லைன்னு காட்டணும். ரெண்டு பேருக்கும் உண்மையைவிட எதிராளி தோக்கணும்கிறதுதான் முக்கியம். நம்ம டிபார்ட்மென்ட் பாலிடிக்ஸ் மாதிரியே இருக்கும். காப்புரிமை முடிஞ்சுபோன நாவல். ப்ராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசம்.

இப்போ 2015-க்கு ஒரு தாவல். இங்கிலாந்தில் வக்கீலா இருந்த எல்.ஜே. ராஸ், தேடி வந்த பதிப்பாளரை வேண்டாம்னு சொல்லிட்டு ‘ஹோலி ஐலண்ட்’ நாவலைத் தானே கிண்டிலில் போட்டார். சில மாதத்தில் பிரிட்டன் கிண்டிலில் நம்பர் ஒன்! லிண்டிஸ்ஃபார்ன் தீவுதான் களம். தினமும் ரெண்டு தடவை கடல் ஏறி ரோட்டை மூழ்கடிச்சிடும். கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரம், பாழடைஞ்ச மடாலயத்தில் ஒரு பெண்ணின் உடல். பாதை மூடினால் யாரும் வர முடியாது, போகவும் முடியாது. இரண்டாம் பாதியில் மசாலா கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் அந்தக் குளிரும் கடலும் விடாது. ஹியூம் 50 பவுண்டுக்குத் தொலைச்ச உரிமையை ராஸ் தன் கையிலேயே வெச்சுக்கிட்டார் பாருங்க, அதுதான் விஷயம். ரேச்சல் அபாட்டின் ‘ஒன்லி தி இன்னொசென்ட்’ (2011) இதே வழியில் வந்தது. கொன்றது ஒரு பெண்னு ஆரம்பத்திலேயே தெரிஞ்சிடும். எவள், ஏன் என்பதில்தான் சஸ்பென்ஸ்.

சும்மா புகழ மாட்டேன். இந்தக் கூட்டத்தில் குப்பையும் நிறைய. எடிட்டர் இல்லாததால் மூணாம் அத்தியாயத்தில் நீலக்கண்ணன், ஒன்பதாம் அத்தியாயத்தில் பழுப்புக்கண்ணன் ஆவான். அதுக்குத்தான் சாம்பிள் பக்கங்கள். முதல் அத்தியாயத்திலேயே எழுத்துப்பிழை கண்ணைக் குத்தினால் நடையைக் கட்டுங்க. விமர்சனத்தில் அஞ்சு ஸ்டாரை நம்பாதீங்க, அது அத்தையும் மாமாவும் போட்டதா இருக்கலாம். மூணு ஸ்டார்காரர்தான் முழுசாப் படிச்சிருப்பார்.

கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழிலும் தானே வெளியிடலாம். உங்க கிளாஸ்மேட்டே ஒரு த்ரில்லரை ஏத்தியிருக்கலாம், விலை ஒரு டீ, ரெண்டு சமோசாவுக்குள் முடிஞ்சிடும். அதை டெலிகிராமில் பிடிஎஃப்-ஆ கேட்கிற நண்பனுக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்த எழுத்தாளருக்குப் போஸ்டர் ஒட்ட ஆள் இல்லை, கடையில் அடுக்க ஆள் இல்லை. அந்தச் சில்லறையும் நீங்க எழுதுகிற ரெண்டு வரி விமர்சனமும்தான் அவருடைய அடுத்த நாவல். ‘கொலைகாரனை 40-வது பக்கத்திலேயே கண்டுபிடிச்சிட்டேன்’னு திட்டிக்கூட எழுதுங்க. யாருன்னு மட்டும் போட்டு உடைச்சிடாதீங்க பாஸ்!