கொப்பரைக் குடோனில் ஒரு கார்: எஞ்சின் எது?

எங்கள் பக்கம் கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் விலை சொல்லமாட்டார். "தண்ணி எத்தன நேரம் நிக்குதுங்க? எத்தன அடி ஆழம்? பைப் என்ன சைஸ்?" என்று கேட்பார். அஞ்சு எச்.பி. போதும் என்கிற கிணற்றில் பத்து எச்.பி. இறக்கினால் அரை மணியில் கிணறு காலி. அப்புறம் மோட்டார் வெறும் காற்றை இழுத்துக் காயில் கருகும்.

எங்கள் கொப்பரைக் குடோனில் எட்டு மாதமாக ஒரு கார் உருவாகிக்கொண்டு இருக்கிறது. அதைப் பற்றி எழுத நினைத்ததும் இந்த மோட்டார் கணக்குதான் முதலில் ஞாபகம் வந்தது.

கட்டுகிறவன் என் அண்ணன் பையன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டுப் பக்கத்து ஊர் லேத் பட்டறையில் வேலை செய்கிறான். ரெண்டு வருஷம் முன்னால் பைக்கில் விழுந்து வலது காலில் பிளேட் வைத்திருக்கிறது. அதிலிருந்து அண்ணனுக்கு வண்டி என்ற பேச்சே ஆகாது. இந்தக் கார் ஆசையைச் சொன்னபோது மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "அவன் கேட்டா நிக்கமாட்டான். கட்டட்டும். ஆனா எஞ்சின் நீ பாத்து முடிவு பண்ணு. அதுல மட்டும் அவன் பேச்சக் கேக்காத" என்றார். அதனால் எனக்கும் இதில் ஒரு பங்கு வந்துவிட்டது.

இந்த மாதிரிக் கார் புதுசு ஒன்றும் இல்லை. 1957-ல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் மூலம். சதுரக் குழாயில் ஒரு கூடு, ரெண்டு சீட்டு, கதவு கிடையாது, கூரை கிடையாது. 1996-ல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுண்டில் வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகம் போட்டார். ஒரு இன்ச் சதுரக் குழாயை வெட்டி வெல்டிங் செய்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரின் எஞ்சினையும் ஆக்ஸிலையும் மாட்டுகிற முறை. உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பார்த்துக் கட்டினார்கள். பையனும் அந்த வழியில்தான் போகிறான்.

நம்மிடம் அந்த எஸ்கார்ட் கிடையாது. இங்கே ஒரு பெரிய சிக்கல் வருகிறது. இந்தக் காரில் எஞ்சின் முன்னால், நீளவாக்கில் உட்கார வேண்டும். பின் சக்கரம்தான் ஓட வேண்டும். நம் ஊரில் பழசாகக் கிடைக்கிற கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்காக இருக்கும், முன் சக்கரம் இழுக்கும். மாருதி 800, எஸ்டீம், ஸ்விஃப்ட் எல்லாம் அப்படித்தான். அந்த எஞ்சினைத் திருப்பி வைத்தால் கியர்பாக்ஸ் பொருந்தாது.

பையன் நாலு எஞ்சினைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தான்.

முதலாவது எஸ்டீம் எஞ்சின். 1.3 லிட்டர், 85 எச்.பி. அவன் மனசு முழுக்க அதில்தான். குறுக்காக இருக்கிற எஞ்சின்தான், ஆனால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே பெயர்த்து சீட்டுக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்றான். கூட்டின் பின்பாதியை முழுசாக மாற்ற வேண்டும்.

ரெண்டாவது ஜிப்ஸி. அதே 1.3 குடும்பம், ஆனால் நீளவாக்கில் இருக்கும். பின் சக்கர ஓட்டமும் உண்டு. ஆக்ஸில் எல்லாம் காட்டுப் பாதைக்குச் செய்தது, கனம்.

மூன்றாவது ராயல் என்ஃபீல்டு 650-ன் எஞ்சின். 47 எச்.பி., கியர்பாக்ஸும் கூடவே வந்துவிடும். ஆனால் பைக் எஞ்சினில் ரிவர்ஸ் கியர் கிடையாது. கிளட்சும் இருநூறு கிலோ வண்டிக்குச் செய்தது.

நாலாவது, கடைசி வரியில் சின்ன எழுத்தில், ஆம்னி.

ஆம்னி வேனை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1984-ல் வந்து 2019 வரை ஓடியது. பால் கேன், ஸ்கூல் பிள்ளை, ஆஸ்பத்திரி நோயாளி எல்லாம் சுமந்த வண்டி. 796 சிசி, மூணு சிலிண்டர், சுமார் 35 எச்.பி. ஆனால் முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து புரப்பெல்லர் ஷாஃப்ட், பின்னால் முழு ஆக்ஸில். நமக்கு வேண்டிய வரிசை அப்படியே ஒரே வண்டியில் இருக்கிறது.

"ஆம்னி போடலாம்" என்றேன்.

"சித்தப்பா, 35 எச்.பி.ய வெச்சிட்டு ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா சிரிப்பாங்க."

"நம்ம கெணத்துல எத்தன எச்.பி.டா?"

"அஞ்சுங்க."

"பத்து ஏன் போடல?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "கெணறு நாம நெனச்ச மாதிரி ஊறாதுங்க. சேசிஸ் நாம கட்டறது. பெரிய எஞ்சினுக்குத் தக்க பலமா கட்டிக்கலாம்" என்றான்.

சரியான பதில்தான். எனக்கு உடனே மறுபேச்சு வரவில்லை. ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கார் 480 கிலோ, ஓட்டுகிற ஆள் 70, மொத்தம் 550. ஆம்னி எஞ்சின் வைத்தால் நூறு கிலோவுக்கு ஆறரை எச்.பி. வருகிறது. இதே கணக்கில் ஆளோடு சேர்த்து மாருதி 800-க்கு அஞ்சு, ஸ்விஃப்ட்டுக்கு எட்டு. அதாவது 800-ஐவிட வேகமாகக் கிளம்பும், ஸ்விஃப்ட்டைத் தொடாது. எஸ்டீம் எஞ்சின் வைத்தால் பதினஞ்சு. ஸ்விஃப்ட்டைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கதவில்லை, கூரையில்லை, ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை.

பலமாகக் கட்டலாம் என்றானே, அதையும் போட்டுப் பார்த்தோம். பெரிய எஞ்சினுக்குக் குழாய் தடிமன் ஏறும். வேகம் கூடினால் பிரேக் பெரிசு வேண்டும். பிரேக் பெரிசானால் சக்கரம் பெரிசு. எடை ஏற ஏற, முதலில் போட்ட எச்.பி. போதாமல் போகும். ஒன்றை ஏற்றினால் நாலு ஏறுகிறது. செவன் மாதிரிக் காரின் சூட்சுமமே இதற்கு நேர் எதிர். ஒன்றைக் குறைத்தால் எல்லாம் குறையும்.

அவனே இன்னொன்றும் கண்டுபிடித்துச் சொன்னான். லோட்டஸிடமிருந்து 1973-ல் செவனை வாங்கிய கேட்டர்ஹாம் கம்பெனி, 2013-ல் செவன் 160 என்று ஒன்று விட்டது. அதில் இருப்பது சுசுகியின் 660 சிசி மூணு சிலிண்டர் டர்போ எஞ்சின், 80 எச்.பி. பின் ஆக்ஸிலும் சுசுகியின் சின்ன வண்டியுடையதுதான். ஆம்னியும் சுசுகியின் சின்ன வேன்தானே. நாங்கள் தேடிய வரிசையையே அவர்களும் தேடியிருக்கிறார்கள்.

நான் என் பங்குக்குக் கரிவரதனைச் சொன்னேன். கோவைக்காரர். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை சீட்டு ரேஸ் காரைச் செய்தவர். நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டியதே அந்த வகைக் காரில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனவருக்குத் தொடக்கம் அந்த 796 சிசி. "அவருக்குப் போதும்னா உனக்குப் போதாதா கண்ணு?" என்றேன். சிரித்துவிட்டான். ஆம்னி முடிவானது.

உக்கடத்தில் பழைய வண்டி உடைக்கிற கடைகளில் நாலு எஞ்சின் பார்த்தோம். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எஞ்சின் நம்பரும் அது வந்த வண்டியின் ஆர்.சி.யும் ஒத்துப்போகிறதா, அந்த ஆர்.சி. முறையாக ரத்தானதா என்று காகிதம் கேளுங்கள். திருட்டு வண்டி எஞ்சின் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க முடியாது. நாங்கள் எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், ஆக்ஸில், முன் பிரேக் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து எடுத்தோம். கார்புரேட்டர் மாடலாகவே தேடினோம். எம்.பி.எஃப்.ஐ. என்றால் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார், வயரிங் எல்லாம் குறையில்லாமல் வர வேண்டும். ஒன்று விட்டால் ஓடாது. கார்புரேட்டருக்கு பேட்டரி, காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் வந்தால் போதும்.

மாட்டுகிற வேலை, தேர்ந்தெடுத்ததைவிட அதிக நாள் பிடித்தது. தேங்காய் மூட்டை தூக்குகிற செயின் பிளாக்கில் எஞ்சினைத் தொங்கவிட்டு, கூட்டுக்குள் மரக்கட்டை மேல் இறக்கினோம். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. முன்னால் போனால் திரும்பும்போது மூக்கு இழுக்கும். பின்னால் வந்தால் கால் வைக்க இடம் இருக்காது. கொப்பரை எடை போடுகிற பிளாட்பாரத் தராசு ரெண்டு இருந்ததால் வசதியாகப் போனது. ரெண்டு சக்கரத்தைத் தராசில் ஏற்றி, மற்ற ரெண்டுக்கும் அதே உயரத்துக்குப் பலகை வைத்து, சீட்டில் அவனை உட்காரவைத்து, மாற்றி மாற்றி எடை எடுத்தோம். முன்னும் பின்னும் கிட்டத்தட்ட பாதிப் பாதி வரும்வரை எஞ்சினை விரல் விரலாக நகர்த்தினோம். அப்புறம்தான் மவுண்ட் வெல்டிங்.

ஆம்னியில் டிரைவர் எஞ்சினுக்கு மேலேயே உட்காருவார். இதில் பின்னால். அதனால் கியர் கம்பி, கிளட்ச் கேபிள் எல்லாம் புதிதாகச் செய்தான். ஷாஃப்டை நீளத்துக்கு வெட்டி, லேத்தில் நேர் பார்த்து, பேலன்ஸ் செய்துவரக் கோவைக்கு அனுப்பினோம். ரெண்டு முனை கிராஸ் ஜாயின்ட்டும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் உதறும். ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்வாக வந்ததால் உள்ளே காற்று நின்றுவிட்டது. மேலே தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்ததும் சரியானது.

இது ரோட்டில் ஓடாது. பிரிட்டனில் ஒருத்தர் ஒரே ஒரு கார் கட்டினாலும் அதைத் தனியாகச் சோதித்துப் பதிவு செய்ய வழி உண்டு. இங்கே கம்பெனிகள் மாடலைச் சோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்குகிற முறைதான், தனி ஆளுக்கு ஆகிற காரியம் இல்லை. முதலில் எங்கள் சிமென்ட் களத்தில் ஓட்டிப் பார்ப்பது, அப்புறம் மினி லாரியில் ஏற்றிச் செட்டிபாளையம் டிராக்குக்குக் கொண்டுபோவது என்பது திட்டம். அந்த டிராக்குக்குக் கரிவரதன் பேர்தான் வைத்திருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம். நாலாவது திருப்பில் பிடித்துக்கொண்டது. மூணு சிலிண்டரின் அந்தத் தடதட சத்தம் தகரக் கூரையில் முட்டித் தோப்பு முழுக்கக் கேட்டது. அண்ணன் வரப்பிலிருந்து மண்வெட்டியோடு வந்து வாசலில் நின்றார். எட்டு மாதத்தில் குடோனுக்குள் அவர் வந்தது அன்றைக்குத்தான். சுற்றி வந்து பார்த்தார். "எத்தன எச்.பி.?" என்றார். சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையனிடம் திரும்பி, "ஓடறது சரி. நிக்கறதுக்கு என்ன பண்ணியிருக்க?" என்றார்.

"பிரேக் லைன் அடுத்த வாரங்ப்பா. நீங்களும் வந்து பாருங்க" என்றான்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, குனிந்து பிரேக் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டு இருந்தார்.