மட்டை பிடிக்கும் மாணாக்கர்

கலை எதுவாயினும் அதைக் கற்பதற்கு முன் கற்கவேண்டியது ஒன்று உண்டு. மாணாக்கராய் இருக்கக் கற்பதே அது. குழந்தைக்கு அது பிறவிக் குணம்; கேட்க வெட்கமில்லை, விழ அச்சமில்லை. வயது ஏற ஏற மனிதன் பட்டங்களையும் பதவிகளையும் சேர்க்கிறான். சேர்க்கும்போதே அந்தக் குணத்தைச் சிறிது சிறிதாக இழந்தும் விடுகிறான். இழந்ததை அவனுக்கு மிக விரைவில் உணர்த்தக்கூடிய ஆட்டம் ஒன்று உண்டென்றால், அது கோல்ஃப் என்னும் குழிப்பந்தாட்டமே.

மற்ற ஆட்டங்களில் தவறினால் பழியை ஏற்க எதிரி ஒருவன் இருக்கிறான். பந்தை வேகமாக எறிந்தான், குறுக்கே வந்து தடுத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கோ, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாத, எடை 45.93 கிராமுக்கு மிகாத ஒரு வெள்ளைப் பந்து புல்லின்மேல் அசையாமல் கிடக்கிறது. அதை எறிவாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. அடிக்க வேண்டியவர் எவ்வளவு நேரம் வேண்டுமாயினும் நின்று பார்க்கலாம். ஆயினும் புதிதாகப் பழகுவோர் வீசும் மட்டை பந்துக்குமேல் காற்றைக் கிழிக்கிறது; அல்லது பந்துக்குப் பின்னே மண்ணைப் பெயர்க்கிறது. ஆகவே ஆசிரியரை நாடுகின்றனர். பாடத்துக்குப் பணமும் கட்டுகின்றனர். பணம் கட்டியோர் அனைவரும் பாடம் பெறுகின்றனரா என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், குன்றின் அடியில் பரந்து கிடக்கும் ஊர் புக்கிட் மெர்தாஜாம். அதைச் சூழ்ந்த வட்டாரம் முதலில் கரும்பையும், பின்னர் ரப்பரையும், அதன்பின் செம்பனையையும் கண்டது. மூன்றிலும் தமிழரின் வியர்வை கலந்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தோட்டத் துரைமார் ஓய்வு நேரத்திற்கெனச் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். அவற்றோடு கோல்ஃபும் வந்தது. கோலாலம்பூரில் இன்று அரச சிலாங்கூர் கோல்ஃப் சங்கம் எனப்படுவது 1893-இல் தோன்றியது. துரைமார் ஆடினர், அவர்தம் மட்டைப் பைகளைச் சுமந்து சென்றவர்கள் உள்ளூர்ச் சிறுவர்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் திடலில் நடக்க உரிமை கிடைத்தது, தோளில் பை இருந்ததால் மட்டுமே.

ஆனால் கண்ணுக்கு எவரும் வேலி கட்டவில்லை. எந்தத் துரை எப்படி நின்றார், எப்படி வீசினார், பந்து ஏன் வலப்புறம் வளைந்தது என்பதையெல்லாம் அந்தக் கேடிப் பையன்கள் நாள்தோறும் நோக்கினர். ஆள் இல்லாத வேளையில் மரக்கிளையை மட்டையாக்கி அடித்துப் பார்த்தனர். கோல்ஃப் பரவிய நாடுகள் பலவற்றிலும் இப்படிக் கற்றவர்கள் பின்னாளில் சிறந்த ஆட்டக்காரர்களாகவும் ஆசிரியர்களாகவும் உயர்ந்திருக்கின்றனர். 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பா இருவரும் பை சுமந்து பழகியவர்களே. மலேசியத் தொழில்முறை கோல்ஃபிலும் மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்ற தமிழ்ப் பெயர்கள் இடம்பெற்றிருக்கின்றன. இன்று செபராங் பிறையிலேயே, தெற்கே புக்கிட் ஜாவியிலும் வடக்கே கெப்பாலா பத்தாசிலும் கோல்ஃப் திடல்கள் உண்டு. பை சுமந்தோரின் பிள்ளைகளும் பேரர்களும் அவற்றில் சொந்தப் பையோடு நடக்கின்றனர்.

அப்படி நடக்க விரும்பியவர்களுள் ஒருவர் புக்கிட் மெர்தாஜாமில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவர். மருத்துவர் நடக்கச் சொன்னார். வெறுமனே நடப்பது சலிப்பாய் இருந்தது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது பத்துப் பாடங்களுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போனான். கற்றுக்கொடுக்க வாய்த்தவர் இவரைவிட மூத்தவர். சிறுவயதில் துரைமாரின் பை சுமந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மாணாக்கர் அவரை 'அண்ணே' என்று அழைத்தார். அவரோ வழக்கம்போல் மாணாக்கரைச் 'சார்' என்றார்.

முதல் மூன்று பாடங்கள் இனிதே கழிந்தன, பயன்தான் இல்லை. பெரியவர் பிடியைப் பற்றிச் சொன்னார், சார் தலையாட்டினார். இடுப்பு திரும்பும் முறையைச் சொன்னார், அதற்கும் தலையாட்டினார். ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் நா எழவில்லை. ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவர், ஆறாம் வகுப்போடு நின்றவரிடம் எப்படிக் கேட்பது? நான்காம் பாடத்தில் பெரியவரே அந்தத் திரையை விலக்கினார்.

"சார், புரியலேன்னா புரியலேன்னு சொல்லுங்க. நீங்க தலையாட்டினா நான் அடுத்ததுக்குப் போயிடுவேன். உங்க பிள்ளைகள் இப்படித் தலையாட்டினா நீங்க விட்டிருப்பீங்களா?"

வகுப்பறையில் பல்லாயிரம் முறை தாம் சொன்ன சொல் தம்மிடமே திரும்பி வந்ததைச் சார் உணர்ந்தார். அன்றுதான் அவருக்கு முதற் பாடம் நடந்தது எனலாம்.

பாடத்திலிருந்து முழுப் பயன் பெற விரும்புவோர் செய்யவேண்டிய முதற்காரியம் இதுவே. ஆசிரியர் சொன்னதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லிக்காட்ட வேண்டும். முதுகு வலி, மூட்டு வலி, முன்பு பட்ட காயம் எதுவாயினும் மறைக்காமல் கூற வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் பழக முடியும் என்பதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். மருத்துவரிடம் நோயை மறைத்து மருந்து வாங்குவோர் உண்டோ?

அடுத்தது பிடி. மட்டையை இரு கைகளாலும் பற்றும் இந்த எளிய செயல், புதியவருக்கு எல்லாவற்றினும் கடினமாய்த் தோன்றுகிறது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, படும் நேரத்தில் மட்டையின் முகம் நோக்கும் திசையே என்பது ரேடார் கருவிகள் வந்தபின் நன்கு தெளிவாயிற்று. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் எதையும் திருத்த இயலாது. முகத்தைச் சரியாகக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு பிடியைச் சார்ந்தது. ஆதலால் நல்ல ஆசிரியர்கள் பிடியிலேயே நெடுநேரம் நிற்கின்றனர். மாணாக்கரோ, பணம் கட்டியும் பந்தடிக்க விடவில்லையே என்று மனம் குமைகின்றனர்.

சார் மட்டையைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்தார். பெரியவர் கேட்டார்: "உங்க அம்மா பால்மரம் சீவினதைப் பார்த்திருக்கீங்கதானே? கத்தியை இப்படியா அழுத்திப் பிடிச்சாங்க?"

அந்த ஒரு கேள்வி நூறு விளக்கங்களுக்கு ஈடாயிற்று. பால்மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. கத்தி ஆழமாய்ப் போனால் மரம் காயப்படும். மேலாகச் சீவினால் மங்கில் பால் நிறையாது. வலிமையால் ஆகாத வேலை அது. கை தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் கத்தி நழுவக் கூடாது. வெட்டப்போகும் கிழட்டு மரங்களில் புதியவர்களைப் பழக்குவதும் தோட்டத்து வழக்கம். நல்ல மரத்தில் கத்தி வைப்பது அதன் பின்னரே. தாயின் கையில் இருந்த அந்த நிதானத்தைச் சார் அறுபதை நெருங்கும் வயதில் தம் கையில் தேடலானார். ஏடு தராத அறிவு அது; அதைக் காட்டிக்கொடுக்க அந்தப் பெரியவரே தக்கவராயிருந்தார்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரு திருத்தம். புதியவர் நிற்கும் நிலை, தோள், முழங்கை, தலை, பார்வை என்று பத்தையும் ஒருசேர நினைத்துக்கொண்டு வீசினால் உடல் கட்டையாகிவிடுகிறது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், தம் கைகளின் அசைவை எண்ணி அடித்தவர்களைவிட மட்டையின் அசைவை எண்ணி அடித்த புதியவர்கள் நன்கு கற்றனர். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், "இந்த வாரம் நான் கவனிக்கவேண்டிய ஒன்று எது?" என்று கேட்டு, அதைச் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நலம். கைப்பேசியில் வீச்சைப் படமெடுத்து வைப்பதும் உதவும். நாம் செய்வதாக நினைப்பதும் உண்மையில் செய்வதும் வேறு வேறு என்பதை அது முகத்துக்கு நேரே காட்டிவிடும்.

நான்காவது, பாடத்திற்கும் பாடத்திற்கும் இடைப்பட்ட நாட்கள். ஆசிரியரோடு கழியும் ஒரு மணி நேரம் விதைப்பு மட்டுமே; நீர் பாய்ச்சுவது மாணாக்கர் கடமை. பலர் பயிற்சித் திடலுக்குப் போய் ஒரே மட்டையால் நூறு பந்துகளை மூச்சுவிடாமல் அடித்துத் தள்ளிவிட்டுத் திரும்புகின்றனர். அறுபதாம் பந்து முதல் எல்லாம் நன்றாய்ப் போவதுபோல் தோன்றும். மறுநாள் வந்தால் ஒன்றும் இராது. ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கையசைவுப் பயிற்சியைப் பற்றி 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. ஒரே செயலைத் தொடர்ந்து பழகியவர்கள் பழகும்போது சிறந்து விளங்கினர். செயல்களை மாற்றி மாற்றிப் பழகியவர்களோ பழகும்போது தடுமாறினாலும், பின்னர்ச் சோதித்தபோது முந்தினர். ஆகவே முப்பது பந்துகள் போதும். மட்டையை மாற்றி, இலக்கை மாற்றி, ஒவ்வொரு பந்துக்கும் புதிதாய் நின்று அடிக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது.

திடலில் வேறோர் இடையூறும் உண்டு. பக்கத்தில் நிற்பவர் கேளாமலே ஆலோசனை சொல்லுவார். அவர் நல்லவரே, ஆனால் ஒரு நோய்க்கு இரு வைத்தியம் உடலுக்கு ஆகாது. சிரித்து நன்றி கூறி, ஆசிரியர் சொன்னதையே தொடர்வதுதான் அறிவுடைமை.

ஐந்தாவது, சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லுதல். எல்லாரும் முதல் நாளே பெரிய மட்டையால் பந்தை மலைக்கு அப்பால் அனுப்ப ஆசைப்படுகின்றனர். 18 குழிகளுக்குரிய பொது அளவு 72 அடிகள் என்றால், குழிக்கு இரண்டாக 36 அடிகள் பசுந்தரையில் பந்தை உருட்டுவதற்கே ஒதுக்கப்பட்டவை. சரிபாதி! அமெரிக்காவில் கேடியாகத் தொடங்கிப் புகழ்பெற்ற ஆசிரியரான ஹார்வி பெனிக், குழியருகில் தொடங்கிப் பின்னோக்கி நகர்ந்து கற்பதே முறை என்று கருதினார். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அதில் மூன்றடித் தொலைவிலிருந்து பந்தைத் தவறாமல் விழச்செய்யக் கற்றவருக்கு மனத்தில் உறுதி பிறக்கிறது. வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தும் அதைப் பழகலாம், கட்டணம் இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். முறைப்படி கற்காதவர்களும் பெரிய ஆட்டக்காரர்கள் ஆகவில்லையா? ஆனார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஒப்பந்தக் கூலிகளாய்க் கடல் கடந்த இந்தியர் வழியில் பிறந்த பாப்வா செவ்கோலம் என்பவர் கேடியாய் இருந்து தாமே கற்றார். உலகமே வலக்கையைக் கீழே வைத்துப் பிடிக்க, அவர் இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். அந்தத் தலைகீழ்ப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். 1963-இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறிச் சட்டங்கள் நிலவிய அந்நாட்டில் சங்கக் கட்டடத்துக்குள் அவருக்கு இடமில்லை. வெள்ளையர் உள்ளே இருக்க, வெளியே மழையில் நின்று பரிசைப் பெற்றார். 1965-இல் புகழ்பெற்ற கேரி பிளேயரையே அதே போட்டியில் வென்றார். 1978-இல் மறைந்தார்.

அவர் வரலாற்றிலிருந்து புதியவர் கொள்ளவேண்டியது தலைகீழ்ப் பிடியை அன்று. அந்தப் பிடிக்குப் பின்னே சிறுவயது முதல் அவர் அடித்த எண்ணிலாப் பந்துகள் இருந்தன. நாற்பதிலும் ஐம்பதிலும் தொடங்குவோருக்கு அத்தனை காலம் கிடையாது. ஆசிரியர் அந்தக் காலத்தைச் சுருக்கித் தருகிறார். மற்றொன்றும் கொள்ளத்தக்கது: பை சுமந்தவரின் அறிவுக்குக் கதவடைத்தவர்கள் இழந்தது தங்கள் பெருமையைத்தான்.

ஆறாவது, பத்துப் பாடங்களில் ஒன்றிரண்டையேனும் உண்மையான ஆடுதிடலில் வைத்துக்கொள்வது. பயிற்சித் திடலில் தரை சமமாய் இருக்கும். ஆடுதிடலில் சரிவு, மணற்குழி, மழையில் நனைந்த புல் எல்லாம் உண்டு. பிறர் அடிக்கும்போது அசையாமல் நிற்பதும், பெயர்த்த புல்லைத் திரும்பப் பதிப்பதும், மணலில் பதிந்த தடத்தைச் சமன்செய்வதும், தொலைந்த பந்தை மூன்று நிமிடங்களுக்கு மேல் தேடாமல் இருப்பதும் அங்கேதான் பழக்கமாகும். இவற்றையும் முன்னாள் கேடிகளைப்போல் கற்றுக்கொடுப்பவர் அரியர். பிறர் விட்டுச்சென்ற தடத்தைச் சமன்செய்து பழகியவர்கள் அவர்களன்றோ?

சாரின் பத்துப் பாடங்களும் முடிந்தன. அவர் ஒன்றும் வீரராகிவிடவில்லை. பத்துப் பந்துகளில் நான்கு நேராய்ப் போகின்றன. மற்றவை அவரவர் விருப்பப்படி போகின்றன. ஆனால் பதினோராம் பாடத்துக்கு மகனை எதிர்பாராமல் தம் ஓய்வூதியத்திலிருந்து பணம் எடுத்துக்கொண்டு போனார். "அண்ணே, போன வாரம் சொன்னது இன்னும் எனக்கு வரலே. மறுபடி சொல்லுங்க" என்று தொடங்கினார். பெரியவர் முகம் மலர்ந்தது. அறிவு எந்தக் கையில் இருந்தாலும் அதன்முன் 'தெரியாது' என்று சொல்ல நாணாதவருக்கே கல்வி பலிக்கும். கட்டிய பணம் ஆசிரியரின் நேரத்தை வாங்கித் தரலாம். அவர் நெஞ்சில் இருப்பதை வாங்கித் தருவது அந்த நாணாமை ஒன்றே.