மிளாக்கொம்புப் பிடி

அரக்கு உருகும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? தபாலாபீசில் பார்சலுக்கு முத்திரை வைக்கும்போது கொஞ்சமாக வருமே, அதன் மூத்த அண்ணன் வாசனை எழுமலையில் எங்கள் தெருக்கோடி கொல்லம்பட்டறையில் கிடைக்கும். காய்ந்த இரும்பைக் கொம்பரக்கில் தொட்டதும் ஒரு இனிப்புப்புகை எழும்பும். அதில் வேலங்கரிப் புகையும், தண்ணித்தொட்டியில் இரும்பு முங்கும் 'சொய்ங்' சத்தத்தோடு கிளம்பும் ஆவியும், ஆசாரியின் வேட்டியில் ஊறிய இலுப்பெண்ணெய் வாடையும் கலந்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையனை அப்படியே கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டுவிடும்.

அங்கே எனக்கு உத்தியோகம் துருத்திச் சங்கிலியை இழுப்பது. சம்பளம் கிடையாது. "மெதுவா இழுடா பேராண்டி, ஊரை எரிக்கவா போறோம்" என்பார் ஆசாரி. நான் இழுக்காவிட்டால் உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு வெள்ளாமையும் வீடு வந்து சேராது என்று அந்த வயதில் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் மரப்பிடிச் சாமான்தான். பன்னருவா, களைவெட்டி, குழை வெட்டும் அருவா. இரும்பு, லாரிப்பட்டையை வெட்டி அடித்தது. பிடிக்கு வாகையோ கருவேலமோ மஞ்சணத்தியோ, எது கிடைக்கிறதோ அது. பிடியை வாச்சியால் செதுக்கி, அரத்தால் ராவி, உடைந்த சோடாபாட்டில் சில்லால் சுரண்டுவார். சில்லு பட்ட இடத்தில் மரம் சுருள்சுருளாகப் பூப்போல உதிரும். உப்புத்தாள் அதற்கப்புறம்தான். பிறகு பிடியை உலையோரம் காட்டிச் சூடேற்றி, இலுப்பெண்ணெய் நனைத்த துணியால் தேய்ப்பார். சூட்டுக்கு மரம் எண்ணெயைக் குடிக்கும். குடிக்காமல் மேலே நிற்பதைச் சாக்கால் வழித்துவிடுவார். மேலே நிற்கிற எண்ணெய் பிசுக்கு, உள்ளே போனதுதான் பிடிக்குச் சொந்தம் என்பது அவர் கணக்கு. அப்பத்தா ஒருதடவை அருவாமனைக் கட்டைக்குப் பாசத்தோடு விளக்கெண்ணெய் பூசிவைத்தாள். அந்த எண்ணெய்க்குக் காயும் குணமே கிடையாது. ரொம்ப நாளைக்கு அடுப்படிச் சாம்பலும் வெங்காயத் தோலும் அந்தக் கட்டையை விட்டுப் பிரியவில்லை.

மரப்பிடிகளுக்கு நடுவே ராசா மாதிரி வந்து இறங்கியது தாத்தாவின் கத்தி. மிளா மானின் கொம்பில் செய்த பிடி. அவருடைய அய்யா காலத்தில் விறகுக்கு மலையேறியவர் யாரோ பொறுக்கி வந்த, தானாக உதிர்ந்த கொம்பு என்பார்கள். ஆட்டுக் குளம்பு செதுக்க, கத்தாழை நார் உரிக்க, வெள்ளரிப்பிஞ்சு நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு ஐப்பசி அடைமழைக்குப் பிறகு பிடி ஆட ஆரம்பித்தது.

ஆசாரி அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "தண்ணி குடிச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொம்பு எப்படித் தண்ணி குடிக்கும்? அவர் கத்தியைச் சூடுகாட்டிப் பழைய அரக்கு இளகியதும் பிடியைக் கழற்றி, வாயை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். வெளியே கல்லுமாதிரி இருந்த கொம்புக்குள்ளே பொடிப்பொடித் துளைகள். மாட்டுக்கொம்பு நகத்தின் சாதி, உள்ளே கூடு. மிளாக்கொம்பு எலும்பின் சாதி, நடுவே சோறு இருக்கும், அதுதான் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும் என்று விளக்கினார். பிடிக்குள் இறங்கியிருந்த கத்தியின் வால் துருவேறிப் பாதியாய் இளைத்திருந்தது.

பிடியைப் பட்டறைக் கூரைமேல் நல்ல வெயிலில் போட்டுவிட்டார். நான் தினமும் போய், "காஞ்சிருச்சா?" என்று கேட்டு நச்சரித்தேன். கொம்பு வருசா வருசம் விழுந்து முளைக்கும் என்று அவர் ஏதோ பேச்சுக்குச் சொல்லிவைக்க, பிடியும் வளர்கிறதா என்று யாருக்கும் தெரியாமல் விரல்கடை போட்டு அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை நடந்த அன்று செங்கலை இடித்து வேட்டித்துணியில் சலித்தது நான்தான். அரக்கை இரும்புக் கரண்டியில் இளக்கி, அந்தப் பொடியைக் கலந்து, கொம்பின் வாய்க்குள் ஊற்றினார். வெறும் அரக்கு ஆறினால் நொறுங்கும், பொடி சேர்ந்தால் கெட்டிப்படும். வாலைப் பழுக்கவிடாமல் அரக்கு இளகும் பக்குவத்துக்கு மட்டும் காய்ச்சினார். அலகின் தோய்ச்சல் கெடாமலிருக்க அதில் ஈரச்சாக்கைச் சுற்றியிருந்தார். அப்படியே நேர்பார்த்து இறக்கி, பித்தளைப் பூணை வாயில் ஏற்றி, ஆறும்வரை அசையாமல் பிடித்திருந்தார். அந்த நேரத்தில் அவர் மூக்கின்மேல் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தது. மனுசன் கண்சிமிட்டவில்லை. அடிப்பக்கத்துத் துளைகளில் தேன்மெழுகை உருக்கி விட்டு, ஈரத்துணியில் சாம்பல் தொட்டுத் தேய்த்து முடித்தார். கொம்பின் மேல்சொரசொரப்பைத் தொடவேயில்லை.

"கொஞ்சம் வார்னிசு பூசி மினுக்கிக் குடுங்க ஆசாரி" என்றார் தாத்தா.

"மினுக்குறதுக்கு உங்க கை இருக்குல்ல. உள்ள அடைச்சது என் வேலை."

பிடி விசயத்தில் இதைவிடச் சரியான பேச்சை நான் பிறகு கேட்டதில்லை. கடையில் பளபளவென்று வாங்கி, ரெண்டே மாதத்தில் அலகு தனியாய்ப் பிடி தனியாய்ப் போன கத்திகளைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வருகிறது. ஆசாரிக்குக் கூலியும் உடனே கிடையாது. களத்தில் சோளம் அளக்கும்போது மரக்காலில் கூடக் கொஞ்சம் விழும், அவ்வளவுதான்.

1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு மான்கொம்பு பட்டறைப் பக்கம் வருவது மெல்ல நின்றுபோனது. எங்கள் பக்கத்துச் சாப்டூர்க் காடு முதலில் சாம்பல்நிற அணில் சரணாலயத்தில் சேர்ந்து, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும் வந்தாயிற்று. கொம்பு இனி மிளாவின் தலையிலேயே இருக்கட்டும். பன்னருவாவுக்கு இப்போது பிவிசி குழாயைச் சூடாக்கிச் செருகிவிடுகிறார்கள், அதுவும் பிடிக்கத்தான் செய்கிறது.

கத்தி சித்தப்பா மகன் வீட்டில் இருக்கிறது. பித்தளைப் பூண் தேய்ந்து ஒருதடவை மாற்றியிருக்கிறார்கள். அரக்கை யாரும் தொடவில்லை.