மீந்த சரக்கு யார் கணக்கில்?

ஜப்பானின் முதல் செவன்-இலெவன் கடை 1974 மே 15 அன்று தோக்கியோவின் தொயோசுப் பகுதியில் திறந்தது. அங்கே முதலில் விற்ற பொருள் 800 யென் விலையுள்ள ஒரு கூலிங் கிளாஸ். அதற்கு முன் அது ஒரு குடும்பம் நடத்திவந்த மதுக்கடை. தந்தை விட்டுப்போன கடையை நடத்திய இளைஞர், இப்படி ஒரு புதுவகைக் கடை வரப்போகிறது என்று பத்திரிகையில் படித்துவிட்டுத் தாமே கடிதம் எழுதிக் கேட்டு வாங்கிய வாய்ப்பு அது. அரிசி மதுவும் பீரும் வாங்க வந்த ஊரில் முதல் கிராக்கி கையில் எடுத்தது ஒரு கண்ணாடி. இந்தச் சின்னத் தகவலை விட்டு என் மனம் நகர மறுக்கிறது. கல்லாப் பதிவில் என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு பொருள் போனது, 800 யென் வந்தது என்ற ஒரு வரி. அதே காலையில் இன்னொருவர் வந்து ஏதோ ஒன்றைத் தேடி, அது இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியிருந்தால் அதற்கு ஒரு வரியும் இருந்திருக்காது. சிறு கடையின் கையிருப்புக் கணக்கில் இதுதான் ஆதாரமான சிக்கல். விற்றது தெரியும். மீந்ததும் தெரியும், ரேக்கில் தூசியோடு நிற்கும். கேட்டு இல்லாமல் போனது மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. ஆகவே நாளைக்கு எத்தனை வரவழைப்பது என்ற கேள்விக்கு நேற்றைய விற்பனைப் பட்டியல் பாதிப் பதிலைத்தான் தரும். மீதிப் பாதி ஊகம். அந்த ஊகம் தப்பினால் நஷ்டம் யாருடையது என்பதை வைத்தே ஊகம் நேர்மையாக இருக்குமா என்பது முடிவாகிறது என்று நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் தொயோசுக் கடையின் தொல்லை இதைவிட முரட்டுத்தனமானது. மொத்த வியாபாரிகள் பெட்டி பெட்டியாகத்தான் சரக்கு இறக்குவார்கள். சில பொருள்களில் ஒரு பெட்டி விற்றுத் தீர மாதக்கணக்கில் ஆகும். கடை சிறியது, சரக்கு பின்கட்டு அறைகளில் ஏறி உட்கார்ந்தது. செவன்-இலெவன் ஜப்பான் நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய தொஷிஃபுமி சுசுகி, பெட்டியைப் பிரித்துச் சில்லறை எண்ணிக்கையில் கொண்டுவரும்படி கேட்டார். ஒற்றைக் கடைக்காக யாரும் அப்படி வண்டி ஓட்ட மாட்டார்கள். எனவே அடுத்தடுத்த கடைகளை ஊரெங்கும் சிதறவிடாமல் தொயோசு அடங்கிய கோத்தோ வட்டாரத்துக்குள்ளேயே நெருக்கமாகத் திறந்தார்கள். ஒரு வண்டி பல கடைகளுக்கு இறக்கிக்கொண்டே போகலாம் என்ற நிலை வந்தபிறகுதான் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்க வியாபாரிகள் இசைந்தார்கள். அப்போதும் தனித்தனி வியாபாரிகளின் வண்டிகளாக ஒரு கடை வாசலில் நாளுக்கு எழுபது வரை வந்து நின்றன. பல கம்பெனிச் சரக்கை ஒரே வண்டியில் சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டால் அது பின்னாளில் பத்துக்குக் கீழே இறங்கியது. கடைகளின் இருப்பிடம், வண்டிப் பாதை, பெட்டியின் அளவு, ரேக்கில் நிற்கும் எண்ணிக்கை எல்லாம் ஒரே கயிற்றின் முடிச்சுகள் என்பதை இவர்களைப்போல் பொறுமையாக அவிழ்த்தவர்கள் குறைவு.

1982-இல் கணினிக் கல்லா வந்தது. அமெரிக்காவில் அந்த இயந்திரத்தைப் பெரும்பாலும் காசாளர் தவறுகளையும் கைவரிசையையும் தடுக்கவே வைத்திருந்தார்கள். ஜப்பானில் அதை வேறொன்றுக்குத் திருப்பினார்கள்: ‘தன்பின் கன்ரி’, அதாவது ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகக் கவனித்து ஆள்வது. சோற்று உருண்டை நாளுக்கு இத்தனை போகிறது என்று மொத்தமாகப் பார்க்காமல், உள்ளே மீன் வைத்தது எத்தனை, ஊறுகாய் வைத்தது எத்தனை, எந்த நேரத்தில், எந்த வானிலையில் என்று பார்ப்பது. இதை விளக்கச் சுசுகி அடிக்கடி எடுத்துச் சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. கையிருப்பைப் பற்றி நான் அறிந்தவற்றில் மிக அழகானது. கடலோரத்தில், தூண்டில் போடப் போகிறவர்கள் கடந்து செல்லும் வழியில் ஒரு கடை. நாளை விடுமுறை, வானம் தெளிந்திருக்கும், வெயிலும் ஏறும். தூண்டில்காரர்கள் அதிகாலையில் வந்து மதியச் சாப்பாட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். வெயிலில் மணிக்கணக்கில் பையில் கிடந்தாலும் கெடாது என்று அவர்கள் நம்புவது எதை? உமெபோஷி என்ற உப்பிலிட்டு உலர்த்திய புளிப்புப் பழத்தை உள்ளே வைத்த சோற்று உருண்டையை. சோறு கெடாமலிருக்க அந்தப் பழத்தை வைப்பது ஜப்பானியர்களின் பழைய வழக்கம். ஆகவே நாளைக்கு அந்த உருண்டையை மட்டும் வழக்கத்தைவிட நிறைய வரவழைக்க வேண்டும். வரவழைத்தால் போதாது, இது வெயிலில் கெடாது என்று ஓர் அட்டையில் எழுதி அருகில் வைக்கவேண்டும். மாலையில் எத்தனை போயின என்று கல்லாவில் பார்த்து, ஊகம் பலித்ததா என்று சோதிக்க வேண்டும். இந்த வரிசையைக் கவனியுங்கள். ஊகம் முதலில் வருகிறது, இயந்திரம் கடைசியில். வானத்தைப் பார்ப்பதும், தூண்டில்காரனின் மதியத்தை நினைத்துப் பார்ப்பதும் கடையில் நிற்கிறவரின் வேலை. அவர் பகுதி நேர வேலைக்கு வந்த மாணவராகவோ இல்லத்தரசியாகவோ இருக்கலாம். நேற்றுவரை விற்ற எண்ணிக்கை நாளைய தூண்டில்காரனை அறியாது. சரக்கு வரவழைப்பதை எடுபிடி வேலையாகக் கருதாமல் யோசிக்கும் வேலையாக உயர்த்தியது இந்த முறை. கூலி குறைந்த ஒருவரின் தலைக்குள் இருக்கும் ஊர் அறிவுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த நிர்வாக முறை அரிது.

ஆனால் இந்த ஊகத்துக்குப் பின்னால் ஒரு பணக் கணக்கு இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க உருண்டையின் அடக்க விலை 70 யென், விற்பனை விலை 100 யென் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மீந்தால் 70 நஷ்டம். ஒன்று குறைந்து, கேட்டவர் திரும்பிப் போனால் 30 லாபம் போயிற்று. தனிக் கடைக்காரர் இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிறார். பத்தாவது உருண்டை பத்து நாளில் ஏழு நாளுக்கு மேல் விற்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அதை வரவழைப்பது லாபம். அப்படியானால் அவர் கடையில் பல நாள்களில் சாயங்காலத்துக்குள் உருண்டை தீர்ந்துவிடும். அது அவருடைய திறமைக் குறைவு அல்ல, கணக்குச் சரியாக இருப்பதன் அடையாளம். இனி அதே உருண்டை, ஒரு நிறுவனத்தின் பெயரில் தனியொருவர் நடத்தும் ஒப்பந்தக் கடைக்குள் வரட்டும். ஜப்பானிய கன்வீனியன்ஸ் கடைகளில் தலைமை நிறுவனத்துக்குப் போகும் ராயல்டி, மொத்த லாபத்தில் ஒரு பங்கு. அந்த மொத்த லாபத்தைக் கணக்கிடும்போது, விற்ற பொருளின் அடக்க விலையை மட்டும் கழிப்பார்கள். குப்பைக்குப் போன பொருளின் அடக்க விலையைக் கழிக்க மாட்டார்கள். பத்து உருண்டை வந்து எட்டு விற்றதாகக் கொள்வோம். வரவு 800, அந்த எட்டின் அடக்கம் 560, மொத்த லாபம் 240. ராயல்டி வீதம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். பாதி என்று வைத்தால் நிறுவனத்துக்கு 120, கடை உரிமையாளருக்கு 120. மீந்த இரண்டின் 140 யென் உரிமையாளர் செலவு. ஆக அவருக்கு 20 யென் நஷ்டம், நிறுவனத்துக்கு 120 யென் லாபம், இரண்டும் அதே பத்து உருண்டையிலிருந்து. உரிமையாளரின் பார்வையில் ஓர் உருண்டை விற்றால் 15 யென், மீந்தால் 70 போச்சு. நூறில் 82 வாய்ப்புக்கு மேல் இருந்தால்தான் வரவழைக்கத் துணிவார். நிறுவனத்தின் பார்வையில் விற்றால் 15, மீந்தால் ஒன்றுமில்லை. ஒரு சதவீத வாய்ப்பு இருந்தாலும் வரவழைப்பதே நல்லது. ரேக் நிறைந்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடக் கூடாது. இருவரும் வேறு வேறு கணக்கைப் படிக்கிறார்கள்.

மீந்த இரண்டைக் கடைசி நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளினால் என்ன ஆகும்? வரவு 900, இப்போது பத்தும் விற்றதால் அடக்கம் 700, மொத்த லாபம் 200, ஆளுக்கு 100. இருபது யென் நஷ்டத்திலிருந்த உரிமையாளர் நூறு யென் லாபத்துக்கு வருகிறார். நிறுவனத்துக்கு இருபது குறைகிறது. இரண்டு உருண்டைச் சோறு மனிதர் வயிற்றுக்குப் போகிறது. நம் சந்தைகளில் பொழுது சாயும்போது தக்காளியைக் கூறு கட்டி விலையை இறக்கி விற்கும் பெண்மணி செய்வது இதைத்தான். நஷ்டமும் முடிவும் ஒரே கையில் இருப்பதால் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஜப்பானில் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். கெடு நெருங்கிய உணவை விலை குறைத்து விற்ற உரிமையாளர்களைச் செவன்-இலெவன் ஜப்பான் தடுத்தது, வலுவான நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் 2009 ஜூனில் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட நான்கு உரிமையாளர்களுக்கு நஷ்ட ஈடு தரும்படி தோக்கியோ உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதே சமயம் ராயல்டிக் கணக்கு முறையே செல்லாது என்று அந்த உத்தரவோ தீர்ப்போ சொல்லவில்லை. ஒப்பந்தத்தின் பொருள் அதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2007-இலேயே நிறுவனத்தின் பக்கம் நின்றிருந்தது. சட்டப்படி சரியான ஒரு கணக்கு, ஊகத்தின் மேல் எவ்வளவு கனமாக உட்கார முடியும் என்பதற்கு இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நிறுவனத்தின் தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மீந்துவிடுமோ என்று பயந்து இன்று இரண்டு குறைத்தால், நாளை ரேக் வெறிச்சென்று தெரியும். மாலையில் வருகிறவர் தேடியது கிடைக்காமல் போவார். இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாவது முறை வேறு கடைக்குப் போவார். விற்பனை குறைந்ததைப் பார்த்துக் கடைக்காரர் இன்னும் இரண்டு குறைப்பார். இப்படியே கடை சுருங்கிச் சுருங்கி ஒடுங்கும். இது உண்மை. கேட்டு இல்லாமல் போனதைப் பேரேடு காட்டாது என்று நானே முதலில் சொன்னேன். தனிக் கடைக்காரரின் முப்பது யென் கணக்கில், ஒரேயடியாகக் கைவிட்டுப் போன வாடிக்கையாளரின் விலை சேரவில்லை. அதைச் சேர்த்தால் தராசு நிச்சயம் அதிகமாக வரவழைக்கும் பக்கம் சாயும். ஆனால் இந்த வாதம் உண்மையானால், நிறைந்த ரேக் என்பது எதிர்கால விற்பனைக்கான முதலீடு. எதிர்கால விற்பனையில் பாதி லாபம் பெறப்போகிறவர் இன்றைய முதலீட்டில் பங்கு போடாமலிருக்க எந்த நியாயமும் இல்லை. விலை குறைத்தால் ஜனங்கள் சாயங்காலம்வரை காத்திருந்து வாங்கப் பழகிவிடுவார்கள் என்ற ஆட்சேபமும் இதே தரத்தது. சில கடைகளில் அது நடக்கும், சில கடைகளில் நடக்காது. அலுவலகக்காரர்கள் மதியம் வந்து போகும் தெருவில் யாரும் இரவு எட்டு மணிக்காகப் பசியோடு காத்திருக்கப் போவதில்லை. எந்தத் தெரு எது என்பதைச் சொல்லக்கூடியவர் அந்தக் கடலோர உதாரணத்தில் வானத்தைப் பார்த்த அதே ஆள்தான். வரவழைப்பதில் அவர் அறிவை நம்பிவிட்டு, விலை இறக்குவதில் மட்டும் நம்ப மறுப்பது பொருந்தாது. இனி வானிலையையும் விற்பனையையும் சேர்த்துச் செயற்கை நுண்ணறிவே எண்ணிக்கையைச் சொல்லிவிடும் என்கிறார்கள். கடைக்காரரின் நேரம் மிச்சமாகும். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் நிறுவனம் தரும் இயந்திரத்துக்கு, மீந்த உருண்டையின் எழுபது யென்னை யாருடைய நஷ்டமாக எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த ஓர் எண்ணை மாற்றினால் பரிந்துரை முழுவதும் மாறும்.

2009-இன் உத்தரவுக்குப் பிறகு, வீணாகும் உணவின் அடக்கத்தில் 15 சதவீதத்தை ஏற்பதாக நிறுவனம் அறிவித்தது. பதினைந்து கொஞ்சம்தானே என்று தோன்றும். மேலே போட்ட உதாரணத்தில் வைத்துப் பார்த்தால், மீந்த ஒவ்வோர் உருண்டைக்கும் நிறுவனத்துக்குப் பத்தரை யென் செலவு. நூறில் 41 வாய்ப்புக்குக் குறைந்தால் வரவழைக்காதே என்று அதன் கணக்கும் முதல்முறையாகச் சொல்லத் தொடங்கும். உரிமையாளரின் 82 ஏறக்குறைய 80 ஆக இறங்கும். இடைவெளி இன்னும் பெரிதுதான். லாபத்தைப் பாதி பாதியாகப் பிரிப்பதுபோல நஷ்டத்தையும் பாதி பாதியாகப் பிரித்தால் இருவர் கணக்கும் 70-இல் வந்து சந்திக்கும். தனிக் கடைக்காரர் தம் கடையில் தமக்காகப் போட்ட அதே எண் அது. 2020-இல், கெடு நெருங்கிய உணவை வாங்குகிறவர்களுக்குச் சுமார் 5 சதவீதப் புள்ளிகள் தரும் திட்டத்தைச் செவன்-இலெவன் ஜப்பான் நாடெங்கும் கொண்டுவந்தது. அந்தப் புள்ளிகளுக்கான செலவு கடைக்காரருடையதல்ல, நிறுவனத்தினுடையது.